குமரியிலிருந்து பார்த்தால் எது அண்டை நாடு? இரு மாணவர்களின் டிசம்பர்ப் பயணத்துக்கு மூன்று வழிகள்

பருவத் தேர்வு நவம்பர் இறுதியில் முடிகிறது. கோட்டாறு சவேரியார் பெருவிழா டிசம்பர் 3 அன்று நிறைவடையும். நண்பன் தூத்தூர்க் கடற்கரைக்காரன். கிறிஸ்துமஸ் இரவில் அவன் வீட்டில் இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே பெருவிழாவுக்கு மறுநாள் கிளம்பி 23ஆம் தேதிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டாயத்தில் எங்களுக்குக் கிடைப்பவை சரியாக இருபது நாட்கள். பணம் ஆளுக்கு அறுபதாயிரம் ரூபாய். என் பங்கு, இரண்டு ஆண்டுகளாக மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்தது; அவன் பங்கில் பாதி, விடுமுறைகளில் தகப்பனாருடன் கடலுக்குப் போய்ச் சம்பாதித்தது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அண்டை நாடுகள் இரண்டு மூன்றைச் சுற்றிவர வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நாடுகள் என்பதில்தான் ஏப்ரல் மாதம் தொடங்கிய பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சில் தேறிய ஒப்பீடு இதே நிலையிலிருக்கும் பிற மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பிழை, வரைபடத்தில் இந்தியாவை ஒட்டியிருக்கும் நாடுகளையெல்லாம் நமக்கும் பக்கத்தில் இருப்பவையாக எண்ணிக்கொண்டது. கோரக்பூரில் இருப்பவருக்கு நேபாளம் அண்டை நாடு; சிலிகுரியில் இருப்பவருக்குப் பூடானும் அப்படியே. நாகர்கோவிலில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கன்னியாகுமரியிலிருந்து காத்மாண்டுவுக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வருகிறது. பாங்காக் 2,600, கோலாலம்பூர் 2,700. அண்டை நாட்டுக்கும் 'தூரக்கிழக்கு' என்று பள்ளியில் படித்த பக்கத்திலுள்ள தாய்லாந்துக்கும் இடையே நம்மூரிலிருந்து உள்ள வேறுபாடு, நாகர்கோவிலிலிருந்து திருச்சிக்குப் போகிற தொலைவைவிடக் குறைவு. மறுபக்கம், திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் 350 கிலோமீட்டர் சுமார், மாலே 600. நம் மாநிலத் தலைநகரமான சென்னையோ சாலை வழியாக 700 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம் இது. விமானம் ஏறுவதற்கு மட்டும் நாம் இன்றும் திருவனந்தபுரத்துக்காரர்கள்தாம்.

எனவே எத்தனை நாடுகள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, முதல் எல்லையைச் சென்றடைய எத்தனை நாட்கள் ஆகும், ஒவ்வோர் எல்லையும் எவ்வளவு பணத்தையும் பொழுதையும் விழுங்கும், அது போக ஊர் பார்க்க எத்தனை நாட்கள் மிஞ்சும் என்று எண்ணத் தொடங்கினோம். இந்த அளவுகோலை வைத்ததும் பட்டியல் தானாகவே சுருங்கியது. மணிப்பூரின் மோரே வழியாக மியான்மரைக் கடந்து தாய்லாந்து வரை தரைமார்க்கமாகப் போவதுதான் நண்பனின் முதல் ஆசை. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பின் அங்கே நடக்கும் உள்நாட்டுப் போரில் அந்தச் சாலை மாணவர்களுக்கானது அல்ல என்பதால் அது முதலிலேயே நீங்கியது. எஞ்சியவை மூன்று: வடக்கே நேபாளமும் பூடானும், தெற்கே இலங்கையும் மாலத்தீவும், கிழக்கே மலேசியா, தாய்லாந்து, லாவோஸ்.

வடக்கு வழியின் பெருங்கவர்ச்சி, அதற்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம் என்பது. இந்தியக் குடிமக்கள் நேபாளத்துக்கும் பூடானுக்கும் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டியே நுழையலாம். நேபாளத்துக்கு விசாவும் இல்லை. என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, நண்பனிடம் இல்லை என்ற நிலையில் இது சிறிய செய்தி அல்ல. பணம் மாற்றும் தொல்லையும் குறைவு. நேபாள ரூபாயின் மதிப்பு நம் ஒரு ரூபாய்க்கு 1.60 என்று நிலையாகக் கட்டப்பட்டது. பூடானின் நாணயமான ஙுல்ட்ரமும் நம் ரூபாயும் சமம். யுபிஐ வழியாகப் பணம் செலுத்தும் வசதி பூடானில் 2021லும் நேபாளத்தில் 2024லும் வந்துவிட்டது.

ரயில் வழியும் நமக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ், விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டை முன்னிட்டு அறிவிக்கப்பட்டு 2011இல் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடும் அதுவே இந்தியாவின் மிக நீண்ட தூர ரயில். அதில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கினால் ஒருபுறம் நேபாளத்தின் காகர்பிட்டா எல்லை, மறுபுறம் பூடானின் புன்ட்ஷோலிங். அதேபோல் திருவனந்தபுரத்திலிருந்து கோரக்பூர் செல்லும் ராப்தி சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால், கோரக்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் சோனாலி எல்லை. ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பினால், சென்ற வழியே திரும்பாமல் லும்பினி, போக்கரா, காத்மாண்டு, திம்பு, பாரோ என்று ஒரு வட்டமே போட்டுவிடலாம். நம்மூர்ப் பிளாட்பாரத்தில் ஏறி, இடையில் விமானமே இல்லாமல், இரண்டு நாடுகளைப் பார்த்துவிட்டு அதே பிளாட்பாரத்தில் வந்து இறங்குவது என்ற எண்ணம் எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. தூங்கும் வசதிப் பெட்டியில் ஒரு வழிக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் ஆகும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த மலிவுக்கான விலை நாட்களாக வெளிப்பட்டது. நியூ ஜல்பாய்குரிக்கு ரயிலிலேயே இரண்டு நாட்களுக்கும் மேல், கோரக்பூருக்கும் அவ்வாறே. போகவர ஐந்து நாட்கள் இந்தியாவுக்குள்ளேயே கழிந்துவிடும். சோனாலியிலிருந்து காத்மாண்டுவுக்குப் பேருந்தில் ஒரு பகல். காத்மாண்டுவிலிருந்து கிழக்கு எல்லைக்கு ஓர் இரவு. அங்கிருந்து புன்ட்ஷோலிங்குக்கு மேலும் அரை நாள். இருபதில் எட்டு நாட்கள் இருக்கையில் உட்கார்ந்தே தீரும். இதற்கு மேல் டிசம்பர் மாதத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு. கங்கைச் சமவெளியில் அப்போது மூடுபனி இறங்கும். உத்தரப் பிரதேசத்து ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். இருபது நாட்களுக்குள் திரும்பியே ஆக வேண்டிய ஒருவர் 22ஆம் தேதி மூடுபனியில் நின்றுகொண்டிருக்கும் ரயிலில் இருக்கக் கூடாது.

மலையேற்றம் இல்லாமல் நேபாளம் எதற்கு என்று நண்பன் கேட்டது நியாயமே. 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் வரை நான்கைந்து நாட்களில் போய்வரலாம். அன்னபூர்ணா வட்டாரத்துக்கான அனுமதிக் கட்டணம் பிற நாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய் என்றால், தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாடுகளைச் சேர்ந்த நமக்கு 1,000. டிசம்பரில் வானம் தெளிவாக இருக்கும், பனிச் சிகரங்கள் நன்றாகத் தெரியும் என்பதெல்லாம் சரி. ஆனால் ஆண்டு முழுவதும் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவதையே பெரும்பாலும் அறியாத ஊர்களிலிருந்து போகிற இரண்டு பேருக்கு, இரவில் உறைநிலைக்குக் கீழே போகும் மலைக் குளிருக்கான உடுப்பு முழுவதையும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். பூடானிலோ இந்தியப் பயணிகள் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு 1,200 ரூபாய் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். ஐந்து இரவுகளுக்கு 6,000. அறை வாடகை தனி. பிற நாட்டவர் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவுதான்; கூட்டத்தைக் கட்டுப்படுத்தித் தன் மலைகளைக் காத்துக்கொள்ள ஒரு சிறிய நாடு எடுத்த முடிவாக அதை மதிக்கவும் செய்கிறேன். மாணவன் பையில் அது பெரிய ஓட்டை என்பதும் உண்மை. எல்லாம் சேர்த்து ஆளுக்கு முப்பத்தைந்தாயிரத்துக்குள் முடியும் என்று எங்கள் கணக்கு சொன்னது. இருபது நாட்களுக்கு என்று பார்த்தால் மூன்று வழிகளிலும் இதுவே மலிவு.

தெற்கு வழி இதற்கு நேர்மாறு. எல்லையைச் சென்றடைய நாளே ஆகாது. திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறி இருக்கையில் சாய்வதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். கடல் வழியும் ஒன்று உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய பயணிகள் கப்பலில் நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையில் இறங்கிவிடலாம். கப்பலில் ஏறி அயல்நாடு போவது எங்கள் இருவருக்கும் பெரும் ஆசை. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கடல் கொந்தளிக்கும், சேவையை நிறுத்திவைப்பார்கள் என்பதால், டிசம்பர் முதல் வாரத்தில் புறப்படுகிறவர்கள் கப்பலை நம்பித் திட்டமிட முடியாது. கார்த்திகை மாதக் கடலைப் பற்றித் தூத்தூர்க்காரனுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்த இரவு அவன் ஊரில் யாரும் மறக்காத இரவு.

இலங்கையைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாதம்தான் மிக நீண்டது. மொழி தெரியும், சாப்பாடு தெரியும், நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும், பேருந்தும் ரயிலும் மலிவு என்பவை நான் அடுக்கிய காரணங்கள். புட்டும் ஆப்பமும் தேங்காய்ப்பால் குழம்பும் சாப்பிடுவதற்காக ஒருவன் கடல் கடந்து போக வேண்டுமா என்று அவன் கேட்டான். கேலியாகச் சொன்னாலும் அதில் ஒரு பொருள் இருந்தது. அன்னியமான ஓரிடத்தில் மொழி தெரியாமல் நின்று சமாளித்துப் பழக வேண்டும் என்பதுதான் அவன் பயணம் போவதற்கான காரணம். என் காரணம் வேறு. கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர்க் கழகத் தோட்டங்களில், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் வாழ்கின்றன. என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளில் ஒருத்தியின் பாட்டி நுவரெலியாவில் பிறந்தவர். அந்தத் தேயிலை மலைகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்டு.

அதற்குரிய வழி கண்டியிலிருந்து நானுஓயா, எல்ல வழியாகப் பதுளை வரை மலையில் ஏறிச் செல்லும் ரயில். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் இலங்கை முழுவதையும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தியதில் அந்த மலைப் பாதை கடுமையாகச் சிதைந்தது. அப்பாதையை மையமாக வைத்துப் போகிறவர்கள் எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் பார்த்து, இல்லாத பகுதிக்குப் பேருந்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பருவமும் ஒரு காரணம். இலங்கையில் நம்மைப் போலவே இரண்டு மழைக்காலங்கள். டிசம்பரில் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் மழை, தென்மேற்கில் காலி, மாத்தறைப் பக்கம் நல்ல வெயில். யாழ் நூலகமும் நெடுந்தீவும் கோணேசர் கோயிலும் பார்க்க விரும்புகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது. எங்கள் தேதிகளில் நாங்கள் மிக விரும்பும் பாதி மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

மாலத்தீவை விரைவாகவே தள்ளினோம். சொகுசு விடுதிகளை மட்டும் நினைத்துக்கொண்டு அதை எட்டாக்கனி என்று நினைப்பது தவறு. மக்கள் வாழும் தீவுகளிலேயே விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி வந்த பிறகு, மாஃபுஷி போன்ற தீவுக்கு மாலேயிலிருந்து அரசுப் படகில் ஒன்றரை மணி நேரத்தில் குறைந்த கட்டணத்தில் போய், இருவர் ஓர் அறையைப் பகிர்ந்து தங்கலாம். இந்தியர்களுக்கு இறங்கியதும் முப்பது நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும். ஆனாலும் அங்கே எல்லாமே டாலர் விலை, படகுகள் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடா. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகத் தடை இருப்பதால் வீட்டில் பையில் வைத்துவிடும் மாதா சொரூபத்தைக்கூட எடுத்துவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக நண்பனின் தகப்பனார் ஒரு கேள்வி கேட்டார். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குச் சூரை மீன் பிடிக்கப் போகிற மனிதர் அவர். கடலைப் பார்ப்பதற்காகக் காசு கொடுத்து மாலத்தீவுக்குப் போகிறாயா என்று அவர் மகனிடம் கேட்டதற்குப் பின் அந்தப் பேச்சு எடுபடவில்லை. மாலத்தீவை நீக்கினால் தெற்கு வழி ஒரே நாடாகிவிடுகிறது. பத்து நாட்களில், ஆளுக்கு முப்பதாயிரத்தில், பிறகு எந்தச் செமஸ்டர் விடுமுறையிலும் முடித்துவிடலாம். பக்கத்திலிருப்பதன் நன்மை அதுதான், அது காத்திருக்கும்.

கிழக்கு வழி முதலில் பட்டியலிலேயே இல்லை. விமானக் கட்டணத்தை நினைத்து ஒதுக்கி வைத்திருந்தோம். பிறகு பார்த்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு இரவு விமானத்தில் நான்கு மணி நேரம். திரும்பும்போது பாங்காக்கிலிருந்து கொச்சிக்கு நேரடி விமானம், அங்கிருந்து ரயில். நாங்கள் பார்த்த நாளில் இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து ஆளுக்கு இருபத்திரண்டாயிரம் ஆனது. வடக்கு வழியின் ரயில் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு அது. ஆனால் அந்த எட்டு மடங்கு, இருக்கையில் கழியும் ஐந்து நாட்களைத் திருப்பித் தருகிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஐந்தால் வகுத்தால் ஒரு நாளுக்கு நாலாயிரம் ரூபாய் கொடுத்து நாட்களை வாங்குகிறோம் என்று ஆகிறது. பணி ஓய்வு பெற்றவருக்கு அது வீண் செலவு. இருபது நாட்கள் மட்டுமே உள்ளவனுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

விசா நிலைமையும் இப்போது சாதகமாக இருக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தந்தது; அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தாய்லாந்து 2024 ஜூலையில் அறுபது நாள் விசா விலக்கு அறிவித்தது. இவை அரசாணையால் வந்த சலுகைகள், அரசாணையாலேயே போகக்கூடியவை. ஆகவே டிக்கெட் எடுக்கும் அன்றும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது கட்டாயம். மலேசியச் சலுகைக்கு முடிவு தேதி இருப்பதால்தான் மலேசியாவை முதலில் வைத்தோம். இரண்டு நாடுகளுமே வருகை அட்டையை இணையத்தில் நிரப்பித் தரச் சொல்கின்றன. நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது போலி. லாவோஸுக்கு விசா உண்டு. எல்லையிலேயே புகைப்படமும் டாலர் நோட்டும் கொடுத்துப் பெறலாம். நாற்பது டாலர் அளவில் அதற்கென்று தனியாக எடுத்துவைத்திருக்கிறோம்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது எல்லைகளின் அமைப்பு. கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் மின்சார ரயிலில் பட்டர்வொர்த்தில் இறங்கி, படகில் கடலிடுக்கைக் கடந்தால் பினாங்கின் ஜார்ஜ் டவுன். அங்கே மூன்று நாட்கள் தங்கிவிட்டு மீண்டும் ரயிலில் பாடாங் பெசார். அந்த ஒரே நிலையத்தின் கூரையின் கீழ் மலேசியக் குடிவரவுத் துறையும் தாய்லாந்துக் குடிவரவுத் துறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இறங்கி, முத்திரை வாங்கி, மறுபடி ஏற வேண்டியதுதான். மாலையில் அங்கிருந்து புறப்படும் படுக்கை வசதி ரயில் ஹாட் யாய் வழியாக மறுநாள் காலையில் பாங்காக் சேர்க்கிறது. கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். மலேசிய நேரத்தை நம்பித் தாய்லாந்து ரயிலுக்குக் காத்திருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க நேரும், மறுவழியில் வந்தால் ரயிலையே விட நேரும். பாங்காக்கிலிருந்து வியன்டியனுக்கும் இதேபோல இரவு ரயில். 2024 ஜூலை முதல் மேகோங் ஆற்றின் நட்புறவுப் பாலத்தைக் கடந்து நேராகவே ஓடுகிறது. அதற்கப்பால் 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட லாவோஸ்–சீனா ரயில் பாதை. முன்பு மலைச் சாலையில் ஒரு பகல் முழுக்க ஆன லுவாங் பிரபாங் இப்போது வியன்டியனிலிருந்து இரண்டு மணி நேரம். மூன்று இரவுகள் ரயிலில் கழிவதால் மூன்று இரவுகளின் அறை வாடகையும் மிச்சம்.

மலேசியாவைப் பற்றி நண்பன் எழுப்பிய கேள்வி, அங்கும் தமிழ்தானே என்பது. உண்மைதான், பத்துமலை முருகனையும் பினாங்கின் தமிழ்க் கடைத்தெருவையும் பார்த்தால் அன்னியமாகத் தோன்றாது. ஆனால் அந்த நான்கைந்து நாட்களை நான் ஏணியின் முதல் படியாகப் பார்க்கிறேன். முதன்முதலாக வெளிநாடு போகிற இருவர், வழிகேட்க மொழி உள்ள ஊரில் இறங்கிப் பழகிவிட்டு, பிறகு எழுத்தே படிக்க முடியாத தாய்லாந்துக்கும், அதன்பின் பயணிகள் குறைந்த லாவோஸுக்கும் போவது நல்ல வரிசை. அவன் கேட்ட அன்னியமும் கிடைக்கும், என் வீட்டாரின் அச்சமும் தணியும்.

சிங்கப்பூரைச் சேர்க்கச் சொன்னவர்கள் பலர். விசாக் கட்டணத்தையும் அந்நகரின் படுக்கை வாடகையையும் கூட்டினால் அங்கே தங்கும் இரண்டு நாட்களின் செலவில் லாவோஸில் ஒரு வாரம் இருக்கலாம். வியட்நாமுக்கு இணையவழி விசா 25 டாலர்தான் என்றாலும், லாவோஸிலிருந்து மலைச் சாலையில் ஒரு நாள் முழுவதும் பேருந்து. நான்காவது எல்லை எங்கள் நாட்களில் இரண்டைத் தின்றுவிடும். கம்போடியாவின் அங்கோர் வாட்டை விடுவதுதான் வருத்தம். பாங்காக்கிலிருந்து அரண்யபிரதேட் வழியாகத் தரைமார்க்கமாகப் போவது முதுகுப்பைக்காரர்களின் பழைய பாதை. 2025இல் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதிக்கொண்டதில் அந்தத் தரை எல்லை மூடப்பட்டது. அது திறந்திருந்தால் நான் லாவோஸுக்குப் பதில் கம்போடியாவையே எழுதியிருப்பேன்.

கிழக்கு வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தின் தெற்குப் பகுதிக்கு நவம்பர், டிசம்பர் மாதங்களே பெருமழைக் காலம். 2025 நவம்பரில் ஹாட் யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. எங்கள் ரயில் அவ்வழியே போவதால், அதற்கு மாற்றாகப் பினாங்கிலிருந்து பாங்காக்குக்கு விமானம் எடுக்க ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். யாலா, பட்டானி, நராதிவாட் மாகாணங்களில் நீண்டகாலக் கிளர்ச்சி நடப்பதால் அப்பக்கம் போகும் கிளைப் பாதையில் ஏறக் கூடாது. லாவோஸின் வாங் வியெங்கில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் மாவட்டத்து இளைஞர்களுக்குப் பொருந்துகிற சிக்கல் ஒன்று, விமான நிலையத்திலேயே தொடங்குகிறது. வேலை என்று ஆசைகாட்டித் தாய்லாந்துக்கு வரவழைத்து, மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கும் கும்பல்களிடம் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் சிக்கியிருக்கிறார்கள். இந்திய அரசு 2022 முதல் எச்சரித்துவருகிறது. ஆகவே இருபத்திரண்டு வயது ஆண்கள் இருவர் சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு கிழக்கே புறப்பட்டால், குடிவரவு அதிகாரிகள் கூடுதலாக நான்கு கேள்விகள் கேட்பார்கள், கேட்பதுதான் சரி. திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான தங்குமிட முன்பதிவு, கல்லூரி அடையாள அட்டை, விடுமுறைக் காலத்தைக் குறிப்பிடும் துறைத்தலைவர் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. தாய்லாந்து எல்லையில் ஆளுக்கு 10,000 பாட் மதிப்புள்ள பணத்தைக் காட்டச் சொல்லும் விதியும் உண்டு. அந்தத் தொகை எங்களிடம் பயணத்தின் அந்தக் கட்டத்தில் மீந்திருக்கும்படிதான் செலவை வகுத்தோம். லாவோஸின் வடமேற்கில் தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. வழியில் அறிமுகமாகும் எவர் அழைத்தாலும் அங்கே போவதில்லை என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம். வெளிநாடு என்றாலே வேலைக்குத்தான் என்று எண்ணும் ஊர் நம்முடையது. எங்கே வேலை, என்ன சம்பளம் என்று இப்போதே உறவினர்கள் கேட்கிறார்கள். ஊர் சுற்றத்தான் போகிறோம் என்ற பதிலை அவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை.

செலவைக் கூட்டினால் விமானத்துக்கு 22,000, மூன்று நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து 8,000, டார்மிட்டரிப் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் 18,000, லாவோஸ் விசா, காப்பீடு, நுழைவுக் கட்டணங்களுக்கு 7,000 என்று ஆளுக்கு ஐம்பத்தைந்தாயிரம். மேற்சொன்ன ஐயாயிரம் அவசரத்துக்கு. கயிறு மேல் நடக்கிற கணக்குதான். மலிவு விமானங்களில் கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் போனால் தனிக் கட்டணம் என்பதால், இருவர் பையும் சேர்த்துப் பதினான்கு கிலோவுக்குள் அடங்க வேண்டும். இருவராகப் போவதன் பயன் இங்கேதான் தெரிகிறது: சார்ஜர், மருந்துப் பெட்டி, துணி துவைக்கும் சோப்பு எல்லாம் ஒன்றே போதும், ஒருவன் வரிசையில் நிற்கும்போது மற்றவன் பைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படியாக, கூடுதல் செலவு என்று தெரிந்தே கிழக்கு வழியைத் தேர்ந்திருக்கிறோம். மூன்று நாடுகள், இரண்டு தரை எல்லைகள், ஒரே ஒரு கட்டண விசா. இருபது நாட்களில் பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் ஊர் பார்க்கக் கிடைக்கிறது. மாற்றிச் சொல்ல வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் கிடைத்து, முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் இல்லாதவர்கள் மே மாதமே வடக்கு வழியில் போகட்டும். மூடுபனியும் இருக்காது, கம்பளியும் அவ்வளவு வேண்டாம், ஜூன் நடுவில் மழை பிடிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். பத்து நாட்களே உள்ளவர்களுக்கு இலங்கையைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் முடிவில் இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. நண்பனின் பாஸ்போர்ட். நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்திலுள்ள சேவை மையத்தில், 1,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தாயிற்று. காவல்துறை சரிபார்ப்பு பாக்கி. பத்தாம் வகுப்புச் சான்றிதழை இணைக்கச் சொல்லியிருந்தேன்; அதை இணைக்காவிட்டால், மலேசியாவும் தாய்லாந்தும் உள்ள பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்துவிடும். அவன் விமான டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் இல்லாமல் எடுக்க எனக்கு மனமில்லை. செப்டம்பர் இறுதிக்குள் அது வந்துவிட்டால் அன்றே கோலாலம்பூர் டிக்கெட். வராவிட்டால் அவனுடைய வாக்காளர் அட்டையை நம்பி வடக்கேதான். ரயில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் திறப்பதால், அக்டோபர் முதல் வாரத்தில் ராப்தி சாகருக்கு இரண்டு படுக்கைகள் போட்டுவைக்க வேண்டும். அப்படி நேர்ந்தால் வாங்க வேண்டிய கம்பளிச் சட்டைகளின் விலையை இப்போதே விசாரித்து வைத்திருக்கிறேன்.